வந்து போகிறவர்களா நாம்?

(திருவனந்தபுரத்தில் நம் சங்கக் குடும்பங்களின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அம்மாமார்களுக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள், தம்பிகள் கொஞ்சம் எழுந்து நிற்கலாம்.

“பிளவுபட்ட திருவிதாங்கூரில் அரசியலும் பண்பாடும் பொதுவாழ்வும்” என்று நீளமான தலைப்பு ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். திருவிதாங்கூர் என்று ஒரு நாடு இன்று தேசப்படத்தில் இல்லையே என்று செயலாளரைக் கேட்டேன். 1949-இல் கொச்சியோடு சேர்ந்தது, 1956 நவம்பர் 1-இல் அந்தப் பெயரும் போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டே, “பெயர்தான் போயிற்று, பிளவு இருக்கிறதே” என்றார். உண்மைதான். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்கள். மற்றவர்கள் நெல்லை, தென்காசி, இன்னும் வடக்கேயிருந்து வந்தவர்கள். பிள்ளைகளோ இந்தப் பக்கம் பிறந்தவர்கள். அந்தக் கோடு நம் வீட்டு நடுக்கூடத்தின் வழியாகவே போகிறது.

நவராத்திரிக்கு என்ன நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, திருவனந்தபுரம் வந்து சேருகிறார்கள். எல்லையில் இரண்டு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்துகிறார்கள். அந்தப் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கும் மண் தமிழ்நாடு, அதை நிர்வகிப்பது கேரள அரசு. சாமி எல்லை தாண்டினால் அணிவகுப்பு. சாந்துச்சட்டி எல்லை தாண்டினால் “எந்த ஊர், என்ன அடையாள அட்டை?” என்ற கேள்வி. சாமியோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஒரே சாலையில் இருவகை மரியாதை இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இந்த ஊரில் தமிழன் புதியவன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு விழாவிலும் எழுந்து நின்று பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் யார்? இந்தத் திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. 1891-இல் வெளிவந்த அவருடைய மனோன்மணீயம் நாடகத்தில் இருப்பது அந்தப் பாட்டு. 1970-இல் தமிழ்நாடு அதை அரசு விழாக்களுக்கு ஏற்றது, 2021 டிசம்பரில் மாநிலப் பாடல் என்றே அறிவித்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இங்கே பெண்கள் கல்லூரியில் பாடம் சொன்னவர். நீல பத்மநாபனும் நகுலனும் எழுதியது இந்த ஊரில்தான். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆ. மாதவன், அந்தத் தெருவின் சுமைதூக்கிகளையும் சில்லறை வியாபாரிகளையும் கதைகளாக எழுதினார். 2015-இல் அவருக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, 2021 ஜனவரியில் காலமானார். கடையில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இலக்கியம் செய்தவர் அவர். நம் பிள்ளைகளுக்கு இவர்கள் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறோமா? சினிமாக்காரர் பெயரெல்லாம் மனப்பாடமாக இருக்கிறது.

இருந்தும் நம்மை ஒரு சொல் துரத்துகிறது. “அண்ணாச்சி” என்று கூப்பிடுகிறார்களே, அதைச் சொல்லவில்லை. திருநெல்வேலியில் அது மரியாதைச் சொல், இங்கே கேலியாகச் சொன்னாலும் நான் மரியாதையாகவே வாங்கிக்கொள்கிறேன். “பாண்டி” என்பதையும் சொல்லவில்லை. நான் சொல்வது, யாரும் வைது சொல்லாமல் காகிதத்தில் சாதுவாக எழுதிவிட்டுப் போகிற “வந்து போகிறவர்கள்” என்ற சொல். அந்தச் சொல் என்ன வேலை செய்யும் என்று சரித்திரத்தில் பார்க்க வேண்டும்.

மொழிவாரி மாநிலம் கேட்டுத் தமிழர்கள் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரியும். நேசமணி தலைமையில் அது தேர்தல்களில் நின்றது. 1954 தேர்தலில் 12 இடங்கள் பிடித்தது. தென்பகுதித் தாலுகாக்களோடு தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, சித்தூர் ஆகியவையும் தமிழ் மாநிலத்தில் சேர வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அதே கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த டாக்டர் ராம் மனோகர் லோகியா, ஜனங்களைச் சுட்ட ஆட்சி தன் கட்சி ஆட்சியாக இருந்தாலும் பதவி விலக வேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை. ஆட்சியும் நீடிக்கவில்லை, 1955 பிப்ரவரியில் விழுந்தது. தன் கட்சிக்காரனைப் பார்த்து அப்படிக் கேட்கிற தலைவர் எத்தனை பேர் அதற்குப் பிறகு வந்தார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவர் அடங்கிய மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு அந்தப் பக்கம் போயின, செங்கோட்டையின் பெரும்பகுதியும் போயிற்று. நெய்யாற்றின்கரை இங்கே நின்றது. தேவிகுளமும் பீர்மேடும் இங்கேயே நின்றன. தேவிகுளத்தில் தமிழர்தான் பெரும்பான்மை என்று 1951 குடிக்கணக்கு சொல்லியிருந்தது. அதற்கு எதிராக வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று என்ன தெரியுமா? அங்கே இருக்கிற தமிழர்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள், வருவார்கள் போவார்கள், அவர்கள் தலையை எண்ணி எல்லை போடக்கூடாது என்பது! காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கியவன், அங்கேயே பெற்று, அங்கேயே புதைத்தவன், அவன் நிலையற்றவன். பின்னாலேயே பட்டம் ஆட்சி மலைப்பகுதியில் புதிய குடியேற்றங்களையும் தொடங்கியது. அப்படி வந்த ஊர் ஒன்றுக்குப் பட்டம் காலனி என்றே பெயர். புதிதாக வந்தவர் நிலைத்த குடி, பழையவர் வந்து போகிறவர்.

தேவிகுளம் தமிழ்நாட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று இன்று கொடி பிடிக்க நான் வரவில்லை. அதைக் கிளப்புகிறவர்கள் பெரும்பாலும் முல்லைப் பெரியாறு வழக்கு சூடாகும்போது கிளப்புவார்கள், சூடு ஆறியதும் போய்விடுவார்கள். சூட்டில் வேகிறவன் தோட்டத்து லயத்தில் இருக்கிறவன். நான் சொல்ல வந்தது வேறு. உழைக்கிறவனை எண்ணிக்கையிலிருந்து நீக்க அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

இலங்கையைப் பாருங்கள். அங்கே 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் வாக்குப் போட்டுத் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் அந்த மக்களுக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லை. அங்கேயும் சொன்ன காரணம் அதேதான், இவர்கள் வந்தவர்கள். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் இங்கே பக்கத்தில் புனலூர் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள். அங்கே எஞ்சியிருந்த கடைசிப் பேர்களுக்குக் குடியுரிமை கிடைத்து முடிய 2003 ஆயிற்று. வாக்கு போனது ஓரிரு ஆண்டுகளில், திரும்ப வந்தது அரை நூற்றாண்டில்.

இன்னொரு தேசத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே இது நேர்மாறாக நடந்தது. அமெரிக்கா நிறத்தால் பிளந்த நாடு. அதன் தெற்கு மாநிலங்களில் கறுப்பு மக்களுக்கு வாக்கு காகிதத்தில் இருந்தது, சாவடியில் இல்லை. தலைவரி கட்டு, எழுதப்படிக்கத் தேர்வு எழுது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 1901-க்குப் பிறகு 28 ஆண்டுகள் அமெரிக்கக் காங்கிரசில் ஒரு கறுப்பு உறுப்பினர்கூட இல்லை. இதற்கிடையில் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து அந்த மக்கள் பிழைப்புத் தேடி வடக்கே ரயில் ஏறினார்கள். சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலை, டெட்ராயிட்டின் மோட்டார் தொழிற்சாலை என்று போனார்கள். 1970 வரை போனவர்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். அங்கேயும் அவர்களைக் குடியேற விடாமல் தெருத் தெருவாக ஒதுக்கினார்கள், கூலியில் வஞ்சித்தார்கள். ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சொந்த ஊர் தெற்கே இருக்கிறது என்று காத்திருக்காமல், இருக்கிற தெருவில் வாக்காளராகப் பதிந்துகொண்டார்கள். 1928-இல் சிகாகோவின் தென்பகுதி ஆஸ்கர் டி பிரீஸ்டைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அந்த 28 ஆண்டு மௌனத்தை உடைத்தது தெற்கத்திய ஊர்க்காரனுடைய வாக்கு, வடக்கே போய் வேலை செய்தவனுடைய வாக்கு. தெற்கில் வாக்குரிமைச் சட்டம் வர 1965 ஆயிற்று.

இப்போது நம் கதைக்கு வருவோம். உங்களில் எத்தனை பேருக்கு வாக்கு இங்கே இருக்கிறது? கை தூக்குங்கள். சரி, போதும், எண்ண வேண்டிய அவசியமே இல்லை. மற்றவர்களுக்கு ஊரில் இருக்கிறது, அல்லது ஊரிலும் இல்லை. 2011, 2016, 2021 மூன்று சட்டசபைத் தேர்தல்களும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நாளில் நடந்தன. இரண்டு நாள் கூலியை விட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு ஊருக்குப் போனவன் போட்டான். மேஸ்திரி விடாதவன் போடவில்லை. பட்டாளத்தில் இருப்பவருக்குத் தபால் வாக்கு உண்டு, பாரம் சுமப்பவருக்குக் கிடையாது. 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம், ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகளுக்கு வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றைக் கட்சிகளைக் கூட்டி அறிமுகப்படுத்தியது. கட்சிகள் சந்தேகம் எழுப்பின. அதைப் போட்டு ஒரு தேர்தலும் நடந்ததில்லை.

2025 நவம்பரில் இரண்டு மாநிலங்களிலும் ஒரே சமயத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. டிசம்பர் 19-இல் தமிழ்நாட்டில் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை, அவற்றில் பெரும்பகுதி இடம் மாறினவர்கள் பெயர். “இங்கே இல்லை, போய்விட்டார்கள்” என்று அங்கே எழுதுகிறார்கள். “வந்து போகிறவர்கள்” என்று இங்கே நினைக்கிறார்கள். அப்படியானால் நாம் எங்கேதான் இருக்கிறோம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் சாதாரணமாக வசிக்கிற தொகுதியில் வாக்காளர் என்கிறது. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அதே சட்டம் சொல்கிறது. கொஞ்ச காலம் வெளியே போனதால் மட்டும் வசிப்பவர் இல்லை என்றும் ஆகிவிட மாட்டார். ஆகவே ஆறு மாதச் சீசன் வேலைக்கு வந்த தம்பிமார் ஊரிலேயே வாக்கை வைத்துக்கொள்ளட்டும், அதைக் காப்பாற்றட்டும். ஆனால் பத்து வருஷம், இருபது வருஷமாக இங்கே அடுப்பு வைத்து எரிக்கிற குடும்பம் இங்கே பதிய வேண்டும் என்பது என் கட்சி. இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த யோசனையைக் கேட்காதீர்கள். அது குற்றம். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு, யோசனை சொன்னவன் ஜாமீனுக்கு வரமாட்டான்.

நடுவரிசையில் ஒரு அம்மா ஏதோ கேட்கிறார்கள். சத்தமாகக் கேளுங்கள் அம்மா. ஆமாம், நல்ல கேள்வி. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கினார்களே மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1000 ரூபாய், வாக்கை மாற்றினால் அது போகுமா, ரேஷன் அட்டை போகுமா என்கிறார்கள். வாக்காளர் பட்டியல் வேறு, குடும்ப அட்டை வேறு. முன்னது தேர்தல் ஆணையத்தின் கையில், பின்னது மாநில அரசின் கையில். வாக்கு மாறியது என்பதற்காக அட்டை தானாக ரத்தாகாது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அட்டை அங்கே குடியிருக்கிற குடும்பத்துக்கானது. மொத்தக் குடும்பமும் இங்கே வந்துவிட்டால் என்றைக்காவது அந்தக் கேள்வி வரும். பாட்டியும் தாத்தாவும் ஊரில் இருந்தால் அவர்கள் அட்டை அவர்களுக்கு. மத்தியத் திட்டத்து அரிசி வாங்குகிற அட்டையாக இருந்தால் இங்கேயே ரேஷன் கடையில் விரல் வைத்து வாங்கலாம். பல பேர் அதையே செய்வதில்லை.

அம்மாவின் கேள்விக்குப் பின்னால் இருக்கிற பயம் எனக்குப் புரிகிறது. ஊரில் பெயர் அறுந்தால் ஊரே அறுந்துபோகும் என்ற பயம். கோயில் வரி கொடுக்கிறோம், கொடைக்குப் போகிறோம், கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறோம். அதையெல்லாம் எந்தப் பட்டியலும் வெட்டாது. ஆனால் இங்கே வீட்டு முன்னால் சாக்கடை அடைத்தால் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் வந்து குத்திவிடப் போவதில்லை. அதற்கு இந்த மாநகராட்சியின் 101 வார்டுகளில் நம் வார்டுக் கவுன்சிலர்தான் வர வேண்டும். 2025 டிசம்பர் தேர்தலில் ஓட்டுக் கேட்டு எத்தனை பேர் நம் வரிசை வீடுகளுக்கு வந்தார்கள்? பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் இல்லாத கதவைத் தாண்டிப் போனார்கள். அதில் அவர்களுக்கு என்ன கோபம், என்ன துவேஷம்? வாக்கு இல்லாத கதவைத் தட்ட யாருக்கு நேரம்?

பள்ளிக்கூடமும் அப்படியே. தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழியில் படிக்க வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு சொல்கிறது. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் போட வேண்டும் என்பது 1949-லேயே கல்வி அமைச்சர்கள் ஒத்துக்கொண்ட கணக்கு. பத்துப் பிள்ளை! நம் ஒரு சந்திலேயே இருக்கும். ஆனால் யாராவது பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டோமா? மலையாளமும் படிக்கட்டும், நன்றாகவே படிக்கட்டும். இந்த ஊரில் மலையாளம் எழுதத் தெரியாத பிள்ளை பாதிக் குருடு. 2017-இல் வந்த சட்டத்தின்படி பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம்தான். அதோடு தமிழும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்திருக்கிறோமா?

சாதிச் சான்றிதழ் விஷயம் இதைவிடக் கடினம். பட்டியல் சாதிக் குடும்பம் ஒன்று 1950-க்குப் பிறகு மாநிலம் மாறி வந்தால், வந்த மாநிலத்தில் அந்த ஒதுக்கீடு கிடைக்காது என்று 1990-லும் 1994-லும் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தீண்டாமை மட்டும் எல்லையில் நிற்காமல் கூடவே வருகிறது, சலுகை களியக்காவிளையில் இறங்கிக்கொள்கிறது. இதற்கு நம் சங்கம் ஒன்றால் வழி காண முடியாது. ஆனால் தாத்தா எந்த வருஷம் வந்தார் என்பதற்குத் தோட்டப் பதிவு, பள்ளிப் பதிவு, வரி ரசீது எது இருந்தாலும் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். என்றைக்கு எது கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஏன் இதை இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், “வந்து போகிறவர்கள்” என்று எழுதப்பட்ட அந்தத் தேவிகுளம் போகவில்லை. அங்கேயே இருந்து வாக்குப் போட்டது. 2021 மே 24-இல் தேவிகுளம் உறுப்பினர் அ. ராஜா, இதே ஊரில் கேரளச் சட்டசபையில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். தமிழ் வாசகத்தில் ஒரு முக்கியமான சொல் விடுபட்டுப்போனதால் ஜூன் 2-இல் மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. நல்லதுதான், சபை இரண்டு தடவை தமிழ் கேட்டது. அவர் பட்டியல் சாதித் தகுதி செல்லாது என்று 2023-இல் உயர்நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. அந்த வழக்கிலும் பாட்டன் எப்போது மலை ஏறினார் என்ற கேள்வி வந்தது. தகரப் பெட்டியைச் சொன்னேனே, அதற்காகத்தான்.

வாக்கு ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அடுத்த நாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, லயத்தில் இறந்தவர்களுக்கு 5 லட்சம். அந்த மலைக்காரர்களுக்கு வாக்கு இருந்தது, உறுப்பினர் இருந்தார், தொழிற்சங்கங்கள் மூன்று நிறத்திலும் இருந்தன. அதே மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலை கிள்ளும் பெண்கள், போனசைக் குறைத்ததற்காகச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆண் தலைவர்களைப் பக்கத்தில் வரவிடவில்லை. 20 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். நம் சங்கத்து நிர்வாகக் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று மேடையில் இருக்கிறவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளட்டும். தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

இந்த ஊர் மக்களோடு நமக்குப் பகை ஏதும் இல்லை. இங்கேயும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் சம்பாதிக்கப் போயிருக்கிறார். அவர்கள் அங்கே போனதால் இங்கே கொத்து வேலைக்கும் மண் வேலைக்கும் ஆள் குறைந்தது, 1970-களிலும் 80-களிலும் நாம் கூட்டமாக வந்தோம். அங்கே அவர்களும் வந்து போகிறவர்கள்தான், எத்தனை வருஷம் இருந்தாலும் குடியுரிமை கிடையாது. நமக்கு அந்தக் கதி இல்லை. நாம் ஒரே நாட்டுக் குடிமக்கள். இங்கே பதிவதற்கு யாருடைய தயவும் வேண்டாம், வசிப்பதற்கு ஆதாரம் ஒன்று போதும். இப்போது வங்காளம், ஒடிசா, அசாமிலிருந்து வருகிற பிள்ளைகளை “விருந்தினர் தொழிலாளி” என்கிறது அரசு. நம்மில் சிலர் அந்தப் பிள்ளைகளைப் “பாய்” என்று இளக்காரமாகக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். “பாண்டி” என்று கேட்டு வளர்ந்த வாயிலிருந்து அது வரலாமா?

நேரமாகிவிட்டது, நெய்யாற்றின்கரைக்காரர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. புதிதாகப் பெயர் சேர்க்க 6-ஆம் எண் படிவம், முகவரி மாறியவர்களுக்கு 8-ஆம் எண் படிவம். இரண்டும் செயலாளர் மேசையில் இருக்கின்றன. மாநகராட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதிலும் பெயர் வேண்டும், ஒன்றில் இருந்தால் மற்றதில் தானாக வராது. வாடகை வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்க மறுத்தால் கேஸ் புத்தகம், வங்கிப் புத்தகம் கொண்டு வாருங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு தங்கைகள் இப்போதே உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரைத் தமிழில் சொல்லுங்கள், மலையாளத்தில் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு பெயருக்கு நாலு எழுத்துப்பிழை வராமல் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.